வீட்டு நாய்க்கு இன்ஷூரன்ஸ்: கட்டின காசு திரும்புமா, வீண் செலவா?

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில் கறவை மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் போடுவது பழகிப்போன விஷயம். டாக்டர் வந்து பார்ப்பார், காதில் வில்லை மாட்டுவார், மாடு இறந்தால் அந்த வில்லையோடு போய்ப் பணம் கேட்க வேண்டும். ஆனால் 'நாய்க்கும் இன்ஷூரன்ஸ் இருக்கு' என்று சொல்லிப் பாருங்கள். 'நாய்க்கா?' என்று சிரிப்பவர்கள்தான் இன்றும் அதிகம்.

ஆனாலும் இந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்துவிட்டது. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருக்கிறார்கள். ஊரில் அப்பா, அம்மாவுக்குத் துணையாக ஒரு லாப்ரடாரோ, ராஜபாளையமோ இருக்கிறது. திடீரென்று பைக் மோதி நாய்க்குக் கால் உடைகிறது, அல்லது தோட்டத்தில் பாம்பு கடிக்கிறது. அந்த நேரத்தில் 'இவ்வளவு செலவு பண்ணணுமா?' என்ற கேள்வியில்தான் நாயின் உயிர் நிற்கிறது. அதற்கு முன்கூட்டியே தயாராவது எப்படி? மாதம் சில நூறு ரூபாயை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கொடுக்கலாமா, நாமே சேர்த்து வைக்கலாமா?

நாய் பாலிசி என்றால் என்ன?

உலகத்தில் நாய்க்கு முதன்முதலாக பாலிசி கொடுத்தது ஸ்வீடன். ஆண்டு 1924. இன்று அங்கே பெரும்பாலான நாய்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அங்கே கால்நடை மருத்துவச் செலவு மிக அதிகம். இரண்டு, 2001 முதல் ஒவ்வொரு நாயையும் அடையாளமிட்டு அரசுப் பதிவேட்டில் ஏற்றுவது அங்கே கட்டாயம். 'இந்த நாய்தான் அந்த நாய்' என்று நிரூபிப்பதில் சிக்கல் இல்லை.

இந்தியாவில் பொதுத்துறை நிறுவனங்கள் நீண்ட காலமாகவே நாய்க்கு பாலிசி வைத்திருக்கின்றன. ஆனால் அவை மாட்டு இன்ஷூரன்ஸின் அச்சில் வார்த்தவை. நாய் இறந்தால்தான் பணம். நாயின் மதிப்பில் சுமார் 5 சதவீதம் ஆண்டு பிரீமியம். அதாவது 20,000 ரூபாய் நாய்க்கு வருடம் 1,000 ரூபாய் அளவில் வரும்.

2020-இல் பஜாஜ் அலையன்ஸ் ஒரு நாய் பாலிசியைக் கொண்டுவந்தது. ஆபரேஷன், மருத்துவமனைச் செலவு, இறப்பு, நாய் காணாமல் போவது, நாய் பிறருக்கு ஏற்படுத்தும் சேதம் என்று தனித்தனிப் பிரிவுகள் அதில் இருந்தன. பிறகு வேறு சில தனியார் நிறுவனங்களும் இதே வழிக்கு வந்தன. இன்று 'பெட் இன்ஷூரன்ஸ்' என்று போனில் விளம்பரம் வருவது பெரும்பாலும் இந்த வகைதான்.

ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. மாட்டுக்கு அரசு மானியம் உண்டு. தேசிய கால்நடை இயக்கத்தில் 2024-இல் வந்த மாற்றத்தின்படி, விவசாயி பிரீமியத்தில் 15 சதவீதம் கட்டினால் போதும். மீதியை மத்திய, மாநில அரசுகள் பார்த்துக்கொள்ளும். வீட்டு நாய்க்கு அப்படி எதுவும் இல்லை. முழுப் பிரீமியமும் நம் கையிலிருந்துதான்.

எதற்குக் காசு வராது?

நாய் வளர்ப்பவர் மாதாமாதம் செய்யும் செலவைப் பட்டியல் போட்டால் முதலில் வருவது சாப்பாடு. பிறகு தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, ஷாம்பு. இவற்றில் ஒன்றைக்கூட சாதாரண பாலிசி தராது. கருத்தடை ஆபரேஷன், பிரசவம் போன்றவையும் பெரும்பாலும் வெளியேதான்.

பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடையாது. எடுத்த முதல் சில வாரங்கள் நோய்க்கான காத்திருப்புக் காலம். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தாலும் கிளெய்ம் செய்ய முடியாது. விபத்துக்கு மட்டும் பல பாலிசிகளில் இந்தக் காத்திருப்பு இல்லை.

முக்கியமான இன்னொன்று தடுப்பூசி. பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல், ரேபிஸ் ஆகிய நோய்களுக்கு உரிய நேரத்தில் ஊசி போடவில்லை என்றால், அந்த நோய் வந்தால் கிளெய்ம் தள்ளுபடி ஆகலாம். குட்டி நாய்களை அதிகம் கொல்வது பார்வோ வயிற்றுப்போக்கு. அதற்கு ஊசி போட்டிருந்தால் நோய் வரும் வாய்ப்பே பெரிதும் குறைந்துவிடும். போடாவிட்டால் இன்ஷூரன்ஸும் கைகொடுக்காது.

அதோடு கோ-பே என்று ஒன்று உண்டு. பில்லில் ஒரு பங்கை நாமே ஏற்க வேண்டும். உதாரணத்துக்கு, 25,000 ரூபாய் பில்லுக்கு 20 சதவீத கோ-பே என்றால் 5,000 ரூபாய் நம் கணக்கு. மீதி 20,000-தான் வரும். அதுவும் முதலில் முழுப் பணத்தையும் நாம் கட்டி, பில்லை அனுப்பி, பிறகு வாங்க வேண்டியிருக்கலாம். கையில் காசு இல்லாத நேரத்துக்குத்தான் இன்ஷூரன்ஸ் என்று நினைத்து எடுத்தவருக்கு இது பெரிய இடி.

சங்கரன்கோவிலில் கணக்கு ஏன் மாறுகிறது?

இன்ஷூரன்ஸ் என்பது பில்லுக்குப் பணம் தரும் ஏற்பாடு. பெரிய பில் போடும் மருத்துவமனை பக்கத்தில் இருந்தால்தான் அதன் முழுப் பயனும் கிடைக்கும். சென்னை, பெங்களூருவில் ஸ்கேன், ஐ.சி.யூ., எலும்பு ஆபரேஷன் வசதியோடு தனியார் நாய் மருத்துவமனைகள் உள்ளன. அங்கே ஒரு வாரம் சேர்த்தால் பில் எகிறிவிடும். அங்கு வசிப்பவருக்கு பாலிசி நியாயமான யோசனை.

சங்கரன்கோவில் மாதிரி ஊரில் நிலைமை வேறு. தடுப்பூசி, காயத்துக்குத் தையல், டிரிப்ஸ் போன்றவற்றுக்கு அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. செலவு குறைவு. அதைத் தாண்டிய சிகிச்சை என்றால், திருநெல்வேலி போகும் சாலையிலேயே ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் 2012-இல் தொடங்கிய கல்லூரி அது. தனியார் மருத்துவமனையோடு ஒப்பிட்டால் அங்கும் கட்டணம் குறைவுதான்.

அப்படியென்றால் இங்கே பெரிய செலவு எது? வண்டி வாடகை, ஒரு நாள் லீவு, இரவில் டாக்டரைத் தேடும் அலைச்சல். இவற்றுக்கு பாலிசி பெரும்பாலும் பதில் சொல்லாது. கூடவே, பதிவு பெற்ற கால்நடை டாக்டரின் சீட்டும் முறையான பில்லும் இல்லாமல் கிளெய்ம் நகராது. தெரிந்தவர் வந்து ஊசி போட்டுவிட்டு நூறு, இருநூறு வாங்கிப் போவது ஊரில் சகஜம். அதெல்லாம் கம்பெனி கணக்கில் ஏறாது.

அதனால் பாலிசி விலையைப் பார்க்கும் முன்பு, வழக்கமாகப் போகும் டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்பது நல்லது. கால் முறிந்தால் பிளேட் வைக்க எங்கே போகணும், எவ்வளவு ஆகும்? பார்வோ வந்து ஐந்து நாள் டிரிப்ஸ் போட்டால் எவ்வளவு? பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்து எங்கே கிடைக்கும், என்ன விலை? இந்த மூன்று தொகையையும் கையில் வைத்துக்கொண்டு பாலிசியைப் பார்த்தால், அது நம் ஊருக்குப் பொருந்துமா என்பது தெரிந்துவிடும்.

நாட்டு இனத்துக்கு விலை போடுவது எப்படி?

சங்கரன்கோவிலிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ராஜபாளையம். சிப்பிப்பாறை, கன்னி இனங்களும் இந்தக் கரிசல் பக்கத்து நாய்களே. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் 'மனதின் குரல்' உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லியே பேசினார். அதன் பிறகு நாட்டு நாய்கள் மீது நகரத்து இளைஞர்களின் ஆர்வமும் கூடியது.

ஆனால் இறப்புக்கான இழப்பீடு நாயின் மதிப்பைப் பொறுத்தது. கடையில் வாங்கிய லாப்ரடாருக்கு ரசீது, வம்சாவளிச் சான்றிதழ் இருக்கும். சொந்தக்காரர் வீட்டிலிருந்து தூக்கிவந்த கன்னிக் குட்டிக்கு என்ன ரசீது? கல்யாணச் சீராகவே கன்னி நாயைக் கொடுக்கும் வழக்கம் இருந்ததாகச் சொல்லும் பகுதி இது. வாங்கியதற்கு ஆதாரம் இல்லாத நாய்க்குக் கம்பெனி போடும் மதிப்பு குறைவாகத்தான் இருக்கும். பாசத்துக்கு பாலிசியில் கட்டம் கிடையாது. நாட்டு இன நாய்க்கு எடுப்பதாக இருந்தால் இறப்புப் பிரிவை விட மருத்துவச் செலவுப் பிரிவைப் பார்த்து எடுப்பதே லாபம்.

பிரீமியமா, ஆர்.டி.யா?

ஓர் எளிய கணக்கு. வருடம் 5,000 ரூபாய் பிரீமியம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் 25,000 ரூபாய். கிளெய்ம் வராவிட்டால் அது போனது போனதுதான். மாதம் 500 ரூபாய் ஆர்.டி. போட்டால் ஐந்து வருடத்தில் 30,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். உண்ணி மருந்தோ, கருத்தடையோ, வண்டி வாடகையோ எதற்கு வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஆனால் ஆர்.டி.யில் ஒரு ஓட்டை இருக்கிறது. மூன்றாவது மாதமே நாய் அடிபட்டால் கையில் இருப்பது 1,500 ரூபாய். அந்த இடத்தில் இன்ஷூரன்ஸ்தான் பலசாலி.

வயதான காலத்தில் இது தலைகீழாகிறது. பல பாலிசிகளில் புதிதாகச் சேர, நாயின் இனத்தைப் பொறுத்து 4 அல்லது 7 வயது வரைதான் அனுமதி. பிறகு புதுப்பிக்கவும் உச்ச வயது உண்டு. கட்டி, சிறுநீரகக் கோளாறு, மூட்டு வலி எல்லாம் வரிசையாக வருவது அதற்குப் பிறகுதான். இன்ஷூரன்ஸ் விலகும் வயதில் சேமிப்பு மட்டுமே மிஞ்சும். ஆகவே பாலிசி எடுத்தாலும் சேமிப்பை விடக் கூடாது. முதல் இரண்டு, மூன்று வருடம் பாலிசி, கூடவே சிறிய ஆர்.டி. என்று தொடங்கி, சேமிப்பு வளர்ந்ததும் பாலிசி தேவையா என்று மறுபடி யோசிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கடித்துவிட்டால் யார் பொறுப்பு?

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் உள்ள பூங்காவில், இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி, விலங்கை அஜாக்கிரதையாக வைத்திருந்து பிறருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காயம்பட்டவர் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம்.

சில பாலிசிகளில் மூன்றாம் நபர் பொறுப்பு என்ற பிரிவு கூடுதலாகக் கிடைக்கும். நாய் கடித்ததால் நாம் தர வேண்டிய இழப்பீட்டை அது ஒரு வரம்பு வரை ஏற்கும். அபராதத்தையோ, சிறையையோ அது தடுக்காது. காவலுக்காகப் பெரிய நாய் வைத்திருப்பவர்கள், தெருவை ஒட்டி வீடு உள்ளவர்கள், வாடகைக் குடியிருப்பில் வளர்ப்பவர்களுக்கு மருத்துவப் பிரிவை விட இந்தப் பிரிவே முக்கியமாக இருக்கலாம்.

அடையாளத்தின் தேவையும் இங்கேதான் வருகிறது. சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று அறிவித்து, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. மாட்டுக்குக் காது வில்லை போல, நாய்க்கு இந்தச் சிப். சிப் இருந்தால் தள்ளுபடி தரும் பாலிசியும் உண்டு. கிளெய்ம் நேரத்தில் 'இது வேற நாய்' என்ற தகராறும் வராது.

எடுக்கலாமா, வேண்டாமா?

எடுக்கலாம்: விலை அதிகமுள்ள வெளிநாட்டு இனம் வளர்ப்பவர்கள், பெரிய நகரத்தில் தனியார் மருத்துவமனையை நம்பி இருப்பவர்கள், நாயின் வயது நான்குக்குள் இருப்பவர்கள், திடீரென்று 30,000, 40,000 ரூபாய் புரட்டுவது கஷ்டம் என்பவர்கள், கடி விபத்துப் பொறுப்பை நினைத்துப் பயப்படுபவர்கள்.

அவசரம் இல்லை: ஊரிலேயே வளரும் நாட்டு நாய், அரசு மருத்துவமனையில் சிகிச்சை, ஏழு வயதைத் தாண்டிய நாய், ஏற்கெனவே நோய் உள்ள நாய். இவர்களுக்கு ஆர்.டி. போதும்.

எடுப்பதென்றால் பாலிசி யார் பெயரில், நாய் எந்த ஊரில் என்பதை உண்மையாக எழுதுங்கள். மகன் பெங்களூருவில், நாய் சங்கரன்கோவிலில் என்றால் அதை அப்படியே சொல்லிவிடுவது பாதுகாப்பு. தடுப்பூசி அட்டையையும் எல்லா பில்லையும் போட்டோ எடுத்து வையுங்கள். கோ-பே எவ்வளவு, எந்தச் செலவுக்கு எவ்வளவு உச்சவரம்பு, பாம்புக்கடி விபத்தில் சேருமா என்பதை எழுத்தில் கேளுங்கள். கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, அடுத்து ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' தளம், பிறகு இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்று போகலாம்.

பாலிசி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எல்லாருக்கும் பொதுவானவை மூன்று. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி போட்டு, டாக்டர் சொல்லும் தேதியில் பூஸ்டர். அறிகுறி வந்த ரேபிஸுக்கு மருந்தே கிடையாது, அது வீட்டில் உள்ளவர்களின் உயிர்ப் பிரச்சினையும்கூட. பெண் நாய்க்குக் கருத்தடை. கருப்பையில் சீழ் பிடிப்பது, மார்புக் கட்டி போன்ற பிற்காலப் பெருஞ்செலவுகள் அதனால் குறையும். ரோட்டில் அவிழ்த்து விடாமல் கயிற்றில் பிடித்து நடத்துவது. பெரிய பில்களில் பல இந்த மூன்றில் ஏதோ ஒன்றை விட்டதால் வருபவை. இவற்றைச் செய்துவிட்டு, மிச்சமிருக்கும் ஆபத்துக்கு மட்டும் பாலிசியா ஆர்.டி.யா என்று முடிவு செய்தால் போதும்.