சக்கரத்துக்கு ஒரு பூட்டு

ஸ்ரீபெரும்புதூரில் சக்கரம் என்றால் நம் பாட்டிமார்களுக்கு ஆதிகேசவப் பெருமாள் கையில் இருக்கும் சக்கரம்தான் நினைவுக்கு வரும். ராமாநுஜர் அவதரித்த ஊர் அல்லவா? இன்றைக்கு அந்த ஊரிலிருந்து ஒரகடம் வரையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். சக்கரம் என்றால் மோட்டார் சக்கரம்! இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார். ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள், அப்போலோ டயர். பகலும் இரவும் ஷிப்டு பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

இப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு மோட்டார் மோகம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தவணையில் ஒரு மகிந்திரா 'தார்' ஜீப் வாசலுக்கு வந்து விடுகிறது. அதோடு விட்டதா? ஆறு மாதத்துக்குள் அடுத்த ஆசை முளைக்கிறது. அதன் பெயர் 'பீட்லாக்' சக்கரம்.

"இதைப் போட்டால் டயர் கழலவே கழலாது, அம்மா!" என்கிறான் பிள்ளை.

"இப்போது மட்டும் கழன்றா விழுகிறது?" என்கிறாள் தாயார்.

நியாயமான கேள்வி. ஆனால் பிள்ளை சொல்வதும் பொய்யல்ல. சங்கதி என்னவென்று பார்ப்போம்.

சாதாரணச் சக்கரத்தில் டயரை ரிம்மோடு ஒட்ட வைத்திருப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். காருக்கு முப்பது பவுண்டு சுமார் காற்று அடைக்கிறோம். அந்த அழுத்தம் டயரின் விளிம்பை ரிம்மின் மேல் அழுத்திப் பிடித்துக் கொள்கிறது. மணலிலும் சேற்றிலும் போகிறவர்கள் காற்றைப் பத்துப் பவுண்டுக்கும் கீழே இறக்கி விடுவார்கள். அப்போது டயர் ஒட்டகத்தின் பாதம் போல அகன்று, புதையாமல் நடக்கும். ஆனால் காற்றுக் குறைந்ததும் பிடிப்பும் குறைகிறது. வளைத்து ஒடிக்கும்போது டயர் ரிம்மை விட்டு நழுவி விடலாம்.

இதற்குத்தான் பூட்டு. எம்பிராய்டரி செய்யும்போது இரண்டு வளையங்களுக்கு நடுவே துணியை வைத்து இறுக்குகிறோம் அல்லவா? அதே தந்திரம்தான். டயரின் வெளி விளிம்பை ரிம்முக்கும் ஓர் இரும்பு அல்லது அலுமினிய வளையத்துக்கும் நடுவே வைத்து, சுற்றிலும் போல்ட் போட்டு முடுக்கி விடுகிறார்கள். ஒரு சக்கரத்துக்கு 24, 32 என்று போல்ட்டுகள். நான்கு சக்கரங்களையும் சேர்த்தால் நூற்றை எட்டிவிடும்!

பாறையிலும் மணலிலும் இது மிக நல்ல சாதனம். சந்தேகமே இல்லை. ஆனால் ஒரகடத்திலிருந்து வண்டலூருக்குத் தார் ரோட்டில் போகிறவனுக்கு இதனால் என்ன லாபம்? ரோட்டில் முழுக் காற்றோடுதான் போக வேண்டும். முழுக் காற்று இருந்தால் பூட்டுக்கு அங்கே வேலையே இல்லை. நஷ்டம் மட்டும் உண்டு. சக்கரத்தின் கனம் கூடுகிறது. பாலன்ஸ் செய்வது கடினமாகிறது. சரியாக அமையாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் உதறும்.

அமெரிக்காவிலேகூட இந்தச் சக்கரம் செய்கிறவர்களில் பலர், 'பொதுச் சாலைக்கு அல்ல' என்று எழுதித்தான் விற்கிறார்கள். ஃபோர்டு கம்பெனி 2021-ல் வெளியிட்ட 'பிராங்கோ' வண்டியின் சில ரகங்களில், பூட்டு வளையம் மாட்டத்தக்க சக்கரத்தை மட்டும் வைத்தார்கள். உண்மையான பூட்டு வளையத்தைத் தனியாகத்தான் விற்றார்கள்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு என்று ஒன்று உண்டு. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள், வண்டியைச் செய்தவர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று வைத்தார்கள். கவனியுங்கள், சொந்தக்காரருக்கு! ஜீப் அம்மாவின் பெயரில் இருந்தால், நோட்டீசும் அம்மாவின் பெயருக்குத்தான் வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றியிருந்தால், விபத்து நேரும்போது பணம் தருவதில் அவர்களும் தகராறு செய்யலாம்.

ஏன் இத்தனை கெடுபிடி? ஒரு வண்டியை விற்பனைக்கு விடுமுன், அதன் பிரேக், ஸ்டியரிங், சக்கரம் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா என்று சோதித்துத்தான் சான்று தருகிறார்கள். அப்படிச் சோதிக்கும் மத்திய அரசின் நிலையம் ஒன்று ஒரகடத்திலேயே இருக்கிறது. அவ்வளவு சோதித்துக் கொடுத்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் மாற்றி விடுவது புத்திசாலித்தனமா? பந்தயக்காரர்களைப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. பந்தயக் காரை யாரும் பெங்களூர் ரோட்டில் ஓட்டிக்கொண்டு வருவதில்லை. வேறு வண்டியில் ஏற்றித்தான் கொண்டு வருகிறார்கள்.

ஆகவே, காட்டுப் பாதைப் போட்டிக்குத்தான் வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், பூட்டுச் சக்கரம் தனி ஜோடனையாக இருக்கட்டும். போட்டி நடக்கும் இடத்தில் மாட்டி, அங்கேயே கழற்றி விடட்டும். அதற்கும் பராமரிப்பு உண்டு. போல்ட்டுகளை ஒரே பக்கமாக முடுக்கிக் கொண்டு போகாமல், எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். கை பலத்தை நம்பாமல், அளவு காட்டும் டார்க் ரெஞ்சினால், சக்கரம் செய்தவர் சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். சிறிது தூரம் ஓடியதும் மறுபடி சரி பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பார்க்க வேண்டும். வளையத்துக்கு அடியில் சேறு தங்கினால் துரு ஏறும். வளைந்த வளையத்தையும், மரை தேய்ந்த போல்ட்டையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. டயரில் காற்று இருக்கும்போது வளையத்தின் போல்ட்டைத் தொடவே கூடாது. வால்வின் உள்ளே இருக்கும் ஊசியைக் கழற்றி, காற்று முழுவதும் போன பிறகே ரெஞ்சை எடுக்க வேண்டும்.

இதை யாருக்காகச் சொல்கிறேன் தெரியுமா? சாலையோரப் பஞ்சர் கடைப் பையனுக்காக. லாரிச் சக்கரங்களிலும் பல காலமாக 'லாக் ரிங்' என்ற வளையம் உண்டு. சரியாக உட்காராத வளையம், காற்று அடைக்கும்போது தெறித்து வந்து தாக்கினால் உயிருக்கே ஆபத்து. இதற்காகவே அமெரிக்காவில் 1980-ல் தொழிலாளர் பாதுகாப்பு விதி ஒன்று செய்து, இத்தகைய சக்கரத்தை இரும்புக் கூண்டு போன்ற தடுப்புக்குள் வைத்துத்தான் காற்று அடைக்க வேண்டும் என்றார்கள். நம் ஊர்ப் பஞ்சர் கடையில் கூண்டை எங்கே பார்க்கிறோம்? லாரி வளையம் அவனுக்குப் பழக்கம். பீட்லாக்கை அவன் பார்த்தே இருக்க மாட்டான். "சீக்கிரம் பார், தம்பி" என்று அவசரப்படுத்தினால், அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து போல்ட்டைக் கழற்றத் தொடங்குவான். அவனுக்கும் வீட்டில் ஓர் அம்மா காத்திருப்பாள்.

இனி உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் மூன்றே கேள்விகள் கேளுங்கள். வண்டி செய்த கம்பெனி இதை அனுமதித்திருக்கிறதா? ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் இன்ஷூரன்சுக்கும் எழுதிக் கேட்டாயா? நூறு போல்ட்டையும் ஒவ்வொரு முறையும் நீயே சரி பார்ப்பாயா?

மூன்றுக்கும் பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். வராவிட்டால், கம்பெனி கொடுத்த சக்கரத்தில் வாராவாரம் காற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். காசும் மிச்சம், உங்களுக்கும் இரவில் தூக்கம் வரும்.