பறக்காத மைல்களும் மூன்றே முக்கால் வட்டியும்

மதுரையில் ஏதாவது ஒரு வணிக வளாகம். எஸ்கலேட்டர் ஓரத்தில் சின்னதாக ஒரு மேஜை, பின்னால் டை கட்டிய ஒரு பையன். "சார், ட்ராவல் கார்டு சார், ஊரு சுத்த சுத்த பாயிண்ட் ஏறும் சார்!" அவனிடம் மாட்டுகிறவன் பெரும்பாலும் மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வந்து, இலந்தைகுளம் ஐடி பூங்காவில் முதல் சம்பளம் வாங்கியவன். கிரெடிட் கார்டே பழகாதவனுக்கு முதல் கார்டாகப் பயணக் கார்டை விற்பது, சைக்கிள் ஓட்டத் தெரியாதவன் கையில் புல்லட் சாவியைத் திணிப்பது மாதிரி. விற்கிற பையனைத் திட்டிப் பயனில்லை, அவனுக்கும் மாதாமாதம் டார்கெட் இருக்கிறது. திட்ட வேண்டியது "இலவசப் பயணம்" என்ற அந்த வார்த்தையைத்தான்.

முதல் கேள்வி, இந்த இளைஞன் எதில் பயணம் செய்கிறான்? சென்னைக்கு என்றால் பாண்டியனில் ஸ்லீப்பர், அல்லது வைகையில் இரண்டாம் வகுப்பு இருக்கை. (வைகை 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓட ஆரம்பித்த வண்டி, அதில் போகாத மதுரைக்காரன் உண்டா!) டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் மாட்டுத்தாவணியில் பஸ். விமானம் என்பது பெருங்குடிப் பக்கம் போகும்போது தலைக்கு மேலே சத்தம் போடுகிற ஒரு பொருள், அவ்வளவுதான்.

இப்போது ரயில் பயணிக்கென்றே வந்த கார்டை எடுத்துக்கொள்ளலாம். ஐஆர்சிடிசியும் எஸ்பிஐ கார்டும் சேர்ந்து 2020 ஜூலையில் ரூபே வடிவில் வெளியிட்டது. டிக்கெட் தொகையில் 10 சதவீதம் வரை புள்ளிகளாகத் திரும்பும் என்பது அதன் கவர்ச்சி. எந்த டிக்கெட்டுக்கு? ஏசி முதல் வகுப்பு, ஏசி 2, ஏசி 3, எக்சிகியூட்டிவ் சேர் கார், ஏசி சேர் கார். ஸ்லீப்பர் அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டாம் வகுப்பு இருக்கையும் இல்லை. ஜங்ஷன் கவுண்டரில் வரிசையில் நின்று வாங்கினாலும் கிடையாது, ஐஆர்சிடிசி வழியாக எடுத்தால்தான். ஆக, சலுகை யாருக்கு அதிகம் தேவையோ அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டு அதற்கு ரயில் கார்டு என்று பெயரும் வைத்தாயிற்று!

அநியாயமாகவும் பேசக்கூடாது. சேர்க்கைக் கட்டணம் 500, ஜிஎஸ்டியோடு 590. ஆரம்ப போனஸ் 350 புள்ளிகளைக் கழித்தால் மிச்சம் 240. ஏசி டிக்கெட் ஆயிரம் ரூபாய் என்று கொண்டால் ஒரு பயணத்துக்கு நூறு ரூபாய் திரும்பும், மூன்றாவது டிக்கெட்டில் போட்ட காசு வந்துவிடும். அடுத்த வருடத்திலிருந்து புதுப்பிப்பு 300, வரியோடு 354. நான்கு டிக்கெட் வேண்டும். மாதம் ஒருமுறை தேஜஸிலோ, 2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடும் பெங்களூரு வந்தே பாரத்திலோ போய் வருகிறவருக்கு இது நல்ல கார்டுதான். ஸ்லீப்பர்காரனுக்குக் கிடைப்பது மற்ற செலவுகளில் 125 ரூபாய்க்கு ஒரு புள்ளி, அதாவது 0.8 சதவீதம். அவனுக்கு யுபிஐயே மேல்: ஏசி அல்லாத டிக்கெட்டுக்கு ஐஆர்சிடிசியின் வசதிக் கட்டணம் 15 ரூபாய், யுபிஐயில் கட்டினால் 10.

விமான மைல் கார்டுகளின் கதை இன்னும் சோகம். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. மைல்கள் கணக்கில் இருந்தன, ஏறத்தான் விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு கலந்தது. புள்ளிகள் மாற்றப்பட்டன என்றாலும், அந்தப் பெயரை நம்பிக் கார்டு வாங்கியவர்கள் விதிகளைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. லவுஞ்சாவது மிஞ்சுமா என்றால், பல வங்கிகள் அதையும் காலாண்டுச் செலவோடு முடிச்சுப் போட்டுவிட்டன. ஓசி இட்லி தின்ன முப்பத்தைந்தாயிரம் செலவழிக்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் ஓசியா?

இதெல்லாம் கூடச் சில்லறை விஷயம். வினை இருக்கும் இடம் வட்டி. பல கார்டுகளில் மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம். மதுரையில் யாரிடமாவது "மூணு வட்டி" என்று சொல்லிப் பார்க்கட்டும், முகம் மாறும். கந்து வட்டி, மீட்டர் வட்டிக் கொடுமைக்கென்றே 2003ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அதே ஊரில் மூன்றே முக்கால் வட்டிக்கு டை கட்டி ஆள் பிடிக்கலாம்! 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் சொல்லியிருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. இனி கார்டு வைத்திருப்பவனுக்கு அவன் கணக்குதான் காவல்.

கணக்கு இது. பில் 20,000. "மினிமம் ட்யூ" என்று ஆயிரம் கட்டுகிறான். மீதி 19,000க்கு ஒரு மாத வட்டி 712 ரூபாய் 50 காசு, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 128 ரூபாய் 25 காசு. மொத்தம் 840 சொச்சம். 0.8 சதவீதத்தில் அந்த 840ஐப் புள்ளிகளாகச் சம்பாதிக்க ஒரு லட்சத்து ஐயாயிரம் செலவு செய்ய வேண்டும். பாக்கி வைத்தால் அடுத்த மாதம் வாங்கும் டீத்தூளுக்குக்கூட வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். இதை அந்த மேஜைப் பையன் சொல்வதில்லை, அவனுக்கே யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

அப்படியானால் முதல் கார்டு எது? ஆண்டுக் கட்டணம் இல்லாதது. சம்பளச் சீட்டு இல்லாத மாணவனுக்கும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கும், வங்கியில் ஒரு சின்ன வைப்புத்தொகை போட்டு அதன் மேல் வாங்கும் கார்டு. வைப்புத்தொகைக்கு வட்டி வந்துகொண்டிருக்கும், செலவு வரம்பும் அதைத் தாண்டாது, சிபில் கணக்கும் தொடங்கும். முழு பில்லும் தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்துவிட்டு ஒரு வருடம் ஓட்டினால் தன் செலவு எதில் போகிறது என்று அவனுக்கே தெரிந்துவிடும். அந்தப் பட்டியலில் ஏசி டிக்கெட் வருடத்துக்கு நான்கு இருந்தால் அப்போது ரயில் கார்டைப் பற்றி யோசிக்கட்டும்.

ஏற்கெனவே மேஜையில் கையெழுத்துப் போட்டவனுக்கும் வழி உண்டு. பாக்கியைத் தீர்த்துவிட்டு கார்டை மூடச் சொல்லி எழுதினால் 7 வேலை நாட்களுக்குள் வங்கி மூடியாக வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022ல் கொண்டுவந்த விதி. போன் செய்தால் "போனஸ் பாயிண்ட் தர்றோம், ஒரு வருஷம் வச்சிருங்க சார்" என்பார்கள். மின்னஞ்சலில் எழுதுவது நல்லது, தேதி பதிவாகும்.