கடலுக்குச் சாஸ்திரம் தெரியாது

நெல்லும் வாய்க்காலுமாய் வாழும் நன்னிலம் தாலுகாக்காரர்களுக்குப் பாய்க்கப்பலைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயந்தான். ஆனால் நன்னிலத்திலிருந்து கடல் வெகு தூரமில்லை. காரைக்காலும் நாகூரும் நாகப்பட்டினமும் நம் பக்கத்து ஊர்கள். வயிற்றுப் பிழைப்புக்காக நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாய் நாட்டுக்குப் போன குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ உண்டு. 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் நம் கிழவர்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே கடல் நமக்கு அன்னியமல்ல. அதை நமக்கு அன்னியமாக்கி வைத்தது எது என்பதே நாம் விசாரிக்க வேண்டிய விஷயமாகும்.

மேல்நாடுகளில் கணவனும் மனைவியுமாக இருவர் சேர்ந்து ஒரு பழைய பாய்ப்படகை விலைக்கு வாங்கி, அதைச் செப்பனிட்டு, அதையே வீடாகக்கொண்டு வருஷக்கணக்காகக் கடலில் பிரயாணம் செய்வது இன்று சாதாரணமாகிவிட்டது. பிரயாணத்துக்கு முன் அவர்கள் செய்யும் வேலை என்ன? மரப்படகானால் அதைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டி, ஒவ்வொரு பலகையையும் சுத்தியலால் தட்டிப் பார்க்கின்றார்கள். கெட்டிப் பலகை ஒரு சத்தம் கொடுக்கும். உளுத்த பலகை வேறு சத்தம் கொடுக்கும். உளுத்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுப் பலகை வைத்து, இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பற்று அடிக்கின்றார்கள். கயிறு, பாய், சுக்கான், நங்கூரம், குடிதண்ணீர், மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் சோதிக்கின்றார்கள். “இது என் பாட்டன் காலத்துப் பலகை, இதைத் தட்டிப் பார்ப்பது பாவம்” என்று சொல்லுகிறவன் பாட்டனிடமே போய்ச் சேரவேண்டியதுதான்.

இதற்கு ஒரு தமிழ்ச் சான்றும் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ் மேஸ்திரிகளும் தொழிலாளிகளும் கட்டிய பாய்க்கப்பல் ஒன்றுக்கு அன்னபூரணி அம்மாள் என்று பெயர். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர், 1928 முதல் 1931 வரை 32 அடி நீளமுள்ள சிறு படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர், அந்தக் கப்பலைக் கண்டு விலைக்கு வாங்கினார். நெடுந்தூரப் பிரயாணத்துக்கு ஏற்றபடி அதைச் சீர்செய்து, தம் மனைவியின் பெயரால் ஃபுளோரென்ஸ் சி. ராபின்சன் என்று மறுபெயர் வைத்தார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகளும் அதில் சென்றார்கள். 1938-ல் கப்பல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் கிளாஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது.

இங்கே நம் பக்தர்களை ஒன்று கேட்கின்றோம். அக்கப்பலைக் காப்பாற்றியது அன்னபூரணி என்ற தேவதையின் பெயரானால், அந்தப் பெயரை அழித்த பின் அது மூழ்கியிருக்க வேண்டாமா? கப்பலின் பெயரை மாற்றினால் கேடு என்று வெள்ளைக்கார மாலுமிகளும் சொல்லுவதுண்டு; மூடநம்பிக்கைக்கு நிறம் இல்லை. இரண்டு மூடநம்பிக்கைகளையும் மீறி அந்தக் கப்பல் கரை சேர்ந்தது. சேர்த்தது எது? மேஸ்திரியின் உளி, மாலுமியின் கை, காற்றையும் நட்சத்திரத்தையும் கணக்கிடத் தெரிந்த மூளை. ஆனால் பாருங்கள்: முதலில் தேவதைக்குப் பெயர் போயிற்று, பிறகு பணக்காரர் வீட்டு அம்மாளுக்குப் பெயர் போயிற்று. உளி பிடித்தவனுக்கும் பாய் இழுத்தவனுக்கும் எந்தக் காலத்திலும் பலகையில் இடமில்லை!

நிற்க, அந்தத் தம்பதிகளின் வாழ்வில் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1934-ல் காலபாகஸ் தீவுகளில் இருந்தபோது ராபின்சனுக்குக் குடல்வால் வீங்கி வெடித்து உயிர் போகும் நிலை வந்தது. கம்பியில்லாத் தந்தி மூலம் செய்தி போய், பனாமாவிலிருந்து வைத்தியர்கள் ஆகாய விமானத்தில் வந்து அறுவை செய்து பிழைக்கவைத்தார்கள். பிரார்த்தனை எத்தனை செய்திருந்தாலும் விமானமும் கத்தியும் இல்லாவிட்டால் ஆள் பிழைத்திருக்கமாட்டார். அன்றியும், நடுக்கடலில் இருவர் மாத்திரம் போகும் படகில் புருஷன் படுத்துவிட்டால் சுக்கானை யார் பிடிப்பது? “நான் பெண்பிள்ளை, எனக்கு ஒன்றும் தெரியாது” என்று மனைவி மூலையில் உட்கார்ந்தால் இரண்டு பேரும் சாகவேண்டியதுதான். படகில் பதிபக்திக்கு வேலை இல்லை. வேலை தெரிந்த துணைக்குத்தான் வேலை.

நம் கரைகளிலோ, பெண் படகைத் தொட்டால் தீட்டு, வலையைத் தாண்டினால் மீன் படாது என்று பல இடங்களில் இன்றும் சொல்லுகின்றார்கள். இதற்குக் கடலே பதில் சொல்லிவிட்டது. 2017 செப்டம்பர் முதல் 2018 மே வரை நம் நாட்டுக் கடற்படைப் பெண்கள் ஆறுபேர் தாரிணி என்ற 56 அடிப் பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றிவந்தார்கள். பின்பு அதே படகில் புதுச்சேரித் தமிழ்ப் பெண் ரூபா அழகிரிசாமியும், கோழிக்கோட்டுப் பெண் தில்னாவும் இருவர் மாத்திரமாக, 2024 அக்டோபர் 2-ந் தேதி கோவாவில் புறப்பட்டு, வழியில் நான்கு துறைமுகங்களில் தங்கிப் படகைச் செப்பனிட்டுக்கொண்டு, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, 2025 மே 29-ந் தேதி திரும்பி வந்தார்கள். தீட்டு எங்கே போயிற்று? அலை ஆண் பெண் பார்த்து அடிப்பதில்லை; பாயும் ஜாதி கேட்டு விரிவதில்லை.

சாஸ்திரம் என்ன சொல்லிற்று? சமுத்திர யாத்திரை ஜாதியை இழக்கச் செய்யும் பாவம் என்று பௌதாயன தர்ம சூத்திரம் விதிக்கின்றது. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜம் 1914-ல் சீமைக்குப் போனார். உலகம் மெச்சிய அவர் 1920-ல் இறந்தபோது, கடல் கடந்தவர், பரிகாரம் செய்துகொள்ளாதவர் என்று அவருடைய வைதீக உறவினர் பலர் சாவுக்குக்கூட வரவில்லை. உயர்ந்த ஜாதி என்று சொல்லிக்கொள்ளும் அவர்கள் தங்கள் பிள்ளைக்கே செய்த மரியாதை இது! “அதெல்லாம் பழைய கதை, இன்று எல்லோரும் அமெரிக்கா போகின்றார்களே” என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். வாஸ்தவம். சம்பளம் வந்தது, சாஸ்திரம் வாயை மூடிக்கொண்டது. ஆனால் அந்தச் சாஸ்திரத்தில் ஒரு வரியைக்கூட யாரும் அடித்துவிடவில்லை. பணத்துக்கு வழிவிட்ட சாஸ்திரம், ஏழை வீட்டுப் பெண்ணின் வாசலில் மட்டும் இன்னும் காவல் நிற்கின்றது.

“நல்ல நேரம் பார்ப்பதில் என்ன நஷ்டம்?” என்றும் கேட்பார்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் ஏற்றம் மிகுதி என்பது கணக்கு. யார் வேண்டுமானாலும் கரையில் நின்று சோதிக்கலாம். ராகுகாலத்தில் புறப்பட்டால் கேடு என்பது கதை. கணக்கையும் கதையையும் ஒரே பஞ்சாங்கத்தில் அச்சடித்து விற்பதால், கணக்கின் பெருமையில் கதையும் பிழைத்துக்கொள்ளுகின்றது. வீசுகிற காற்றை விட்டுவிட்டு, ராகு நகரட்டும் என்று காத்திருக்கும் மாலுமி காற்றையும் இழப்பான், கூலியையும் இழப்பான்.

ஆகவே தோழர்களே! நாம் உங்களைக் கப்பல் வாங்கச் சொல்லவில்லை. அரசலாறும் முடிகொண்டான் ஆறும் திருமலைராஜன் ஆறும் பாயும் நாடு இது. ஊருக்கு ஊர் குளம் வேறு. ஆண்பிள்ளைகள் ஏழு வயதிலேயே மதகிலிருந்து குதிக்கின்றார்கள். பெண் குழந்தைகளில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? துணி துவைக்கவும் தண்ணீர் எடுக்கவும் நாம் அனுப்புவது அவர்களைத்தான். கால் வழுக்கினால் கரையேறத் தெரியாதவர்களும் அவர்கள்தான். வரும் கோடையில், தண்ணீர் அடங்கியிருக்கும் குளத்தில், பெரியவர்கள் கூட நின்று உங்கள் வீட்டுப் பெண் குழந்தைக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். வீட்டில் சுத்தியலும் திருகாணியும் பிடிக்கிற வேலை வந்தால் அவளையும் கூப்பிடுங்கள். அதற்கு நாள் பார்க்கவேண்டாம். தண்ணீரின் ஆழம் பார்த்தால் போதும்.