பொறுத்துப் போ என்று சொல்லாதீர்கள்!

திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி. செவ்வாயன்று தலைவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு நோவும் இல்லை. மில் தொழிலாளி ஒருவரின் மகளுக்கு வந்த விசித்திர நோய் இது. இரண்டாம் வகுப்புக் குழந்தை. சங்க வேலையாக நாம் அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, தாயார் கஷாயம் வைத்துக் கொண்டிருந்தார். தகப்பனாரோ, “பள்ளிக்கூடம் போகச் சோம்பல், வேறொன்றுமில்லை தோழர்” என்றார்.

குழந்தையை அருகில் உட்கார வைத்து மெல்ல விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. மதியம் சாப்பிடும்போது நாலைந்து பிள்ளைகள் அவளைத் தள்ளிப் போய் உட்காரச் சொல்கிறார்கள். தட்டைத் தட்டி விடுகிறார்கள். “கறுப்பி, கறுப்பி” என்று கூவிச் சிரிக்கிறார்கள். மூன்று மாதமாக இது நடக்கிறது.

“ஏனம்மா வீட்டில் சொல்லவில்லை?”

“சொன்னால் அப்பா என்னைத்தான் அடிப்பார்.”

தகப்பனார் தலைகுனிந்தார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இதே பதில் கிடைக்கும்?

விளையாட்டு எது, கொடுமை எது?

“பிள்ளைகள் அடித்துக் கொள்வார்கள், சேர்ந்து கொள்வார்கள், இதையெல்லாம் பெரிதாக்கலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. சம பலமுள்ள இருவர் சண்டையிட்டு மறுநாள் கூடி விளையாடினால், அது பிள்ளைச் சண்டைதான். ஆனால் பலம் உள்ளவன், அல்லது கூட்டம் சேர்த்துக் கொண்டவன், அதே பிள்ளையை நாள்தோறும் குறிவைத்து அவமானப்படுத்தினால் அது கொடுமை. விளையாட்டில் இருவரும் சிரிப்பார்கள். ஒருவன் சிரிக்க மற்றவன் அழுதால் அதற்குப் பெயர் விளையாட்டல்ல.

இதில் நமக்குப் போவது என்ன? அவமானத்துக்குப் பயந்து பள்ளியை விட்ட பிள்ளை எங்கே போகும்? ஆடு மேய்க்கப் போகும்; செங்கல் சூளைக்குப் போகும்; நாளை நம் பக்கத்திலேயே பஞ்சுத் தூசியில் வந்து நிற்கும். வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி நாம் படிக்க வைப்பது இதற்காகவா?

இரண்டு தவறான புத்திமதிகள்

நாம் குழந்தைக்குச் சொல்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. “பொறுத்துப் போ” என்போம். அல்லது “திருப்பி அடி” என்போம். முதலாவது, கொடுமை செய்பவனுக்குத் துணிச்சல் கொடுக்கிறது. இரண்டாவது, பலவீனமான பிள்ளையை இன்னும் பெரிய அடிக்கு அனுப்புகிறது. ஒன்றுக்கொன்று எதிர் போலத் தோன்றினாலும் இரண்டிலும் ஒரே குறை: இரண்டும் குழந்தையைத் தனியே நிறுத்துகின்றன.

தனியே நிற்பவன் கதி என்ன என்பது நமக்குத் தெரியாதா? ஒற்றைத் தொழிலாளி மேஸ்திரியிடம் நியாயம் கேட்டால் மெமோ வரும். ஷிப்டு முழுவதும் சேர்ந்து கேட்டால் பேச்சு வார்த்தை வரும். இந்தப் பாடம் ஏழு வயதுப் பிள்ளைக்கும் பொருந்தும்.

இது வெறும் ஊகமல்ல. கனடா நாட்டு டொராண்டோ நகர ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகள் விளையாடுவதைப் படம் பிடித்து ஆராய்ந்தவர்கள், 2001-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இத்தகைய கொடுமைகள் 100 நடந்தால், 88-ல் மற்றப் பிள்ளைகள் அருகில் இருந்தார்கள். 19-ல்தான் யாராவது குறுக்கே வந்தார்கள். ஆனால் அப்படிக் குறுக்கே வந்தவற்றில் பாதிக்கு மேல், அதாவது நூற்றுக்கு 57-ல், பத்தே விநாடிக்குள் கொடுமை நின்று போயிற்று! வம்பு செய்பவனின் பலம் அவன் கையில் மட்டும் இல்லை. வேடிக்கை பார்ப்பவர்களின் மௌனத்திலும் இருக்கிறது.

நாங்குநேரி சொல்லும் பாடம்

நமது நாட்டில் இந்தக் கொடுமைக்கு ஜாதி என்ற விஷமும் சேர்ந்து கொள்கிறது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில் நடந்ததை மறக்க முடியுமா? உடன் படித்தவர்களின் ஜாதிக் கொடுமை தாளாமல் ஒரு தலித் மாணவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். காரணம் கேட்டபோது உள்ளதைச் சொன்னார். அதற்காக, இரவில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள்.

“பார்த்தீர்களா, சொன்னதால் வந்த வினை!” என்று சிலர் பேசினார்கள். இதை நாம் ஒப்ப முடியாது. சொன்னது தவறல்ல. சொன்ன பிள்ளைக்கு மறுகணமே காவலாக நிற்பது பெரியவர்கள் கடமை என்பதே பாடம்.

அதன் பிறகு சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு கமிட்டி, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஜாதியைக் காட்டும் கைக்கயிறுகள் பள்ளியில் கூடாது என்பது அதன் சிபாரிசுகளில் ஒன்று. நல்லதுதான். ஆனால் அந்தக் கயிற்றைக் கட்டி அனுப்பும் கை எது? பதினேழு வயதில் அரிவாள் எடுத்தவனும் ஒரு காலத்தில் ஆறு வயதுக் குழந்தைதான். அந்த வயதிலேயே அவனுக்குப் பாடம் சொல்லியிருக்க வேண்டும்.

குழந்தைக்கு என்ன கற்பிப்பது?

முதலாவது, வாய் திறக்கக் கற்பிப்போம். “அப்படிச் சொல்லாதே, எனக்குப் பிடிக்கவில்லை” என்று நிமிர்ந்து, உரக்கச் சொல்லிவிட்டு, ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும். இதை மாலையில் வீட்டிலேயே நாடகம் போல் நடித்துப் பழக்கலாம். தகப்பனார் வம்புக்காரனாக நடிக்கட்டும். பிள்ளை சிரித்துக் கொண்டே கற்றுக் கொள்ளும்.

இரண்டாவது, கோள் சொல்வது வேறு, முறையிடுவது வேறு என்று விளக்குவோம். ஒருவனை மாட்டி வைக்கச் சொன்னால் கோள். ஒருவனைக் காப்பாற்றச் சொன்னால் முறையீடு. யார், எங்கே, எப்போது என்று சொல்லப் பழக்குவோம்.

மூன்றாவது, மற்றவர்க்குத் துணை நிற்கக் கற்பிப்போம். சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஒதுக்கப்பட்ட பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும். “வா, எங்களோடு விளையாட” என்று கூப்பிட்டால் போதும். அடிதடியாக இருந்தால் ஓடிப் போய் ஆசிரியரை அழைத்து வர வேண்டும்.

இவற்றையெல்லாம் சொல்லிக் கொடுக்கும் நம் வீடு எப்படி இருக்கிறது? மில்லில் மேஸ்திரி நம்மை ஏசுகிறான். அந்தக் கோபத்தில் நாம் மனைவியை ஏசுகிறோம், பிள்ளையை அடிக்கிறோம். பிள்ளை பள்ளியில் தன்னைவிடச் சின்னவனை அடிக்கிறது. நொண்டி, கறுப்பி என்ற பட்டப் பெயர்களும், ஜாதியைச் சொல்லித் திட்டும் வார்த்தைகளும் பாடப் புத்தகத்தில் இல்லை. நம் திண்ணையிலிருந்துதான் வகுப்புக்குப் போகின்றன.

வம்பு செய்வது நம் பிள்ளையாகவும் இருக்கலாம். அப்போது மூடி மறைக்க வேண்டாம். முதுகுத் தோலை உரிக்கவும் வேண்டாம். அடித்துத் திருத்தினால், பலமுள்ளவன் அடிக்கலாம் என்பதையே அவன் மீண்டும் கற்பான். அவன் கெடுத்ததை அவனே சரி செய்யட்டும். தட்டிவிட்ட தட்டை எடுத்துக் கழுவி, சோறு வாங்கிக் கொடுக்கட்டும்.

பள்ளியில் நமக்கும் உரிமை உண்டு

பள்ளிக்குப் போனால் மதிப்பார்களா என்று தயங்க வேண்டாம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்தில் கூலிக்காரருக்கும் நாற்காலி உண்டு. தனியே போகாமல் நாலு பேராய்ப் போங்கள். சாப்பாட்டு வரிசையிலும், மைதானத்து மூலையிலும், கழிப்பறைப் பக்கத்திலும் யார் மேற்பார்வை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். பள்ளியில் கேட்பார் இல்லையென்றால் 14417 என்ற கல்வித் துறை எண்ணுக்கும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் டெலிபோன் செய்யலாம்.

நாம் முதலில் சொன்ன குழந்தைக்கு என்ன ஆயிற்று? அவள் தாயார், அதே தெருவின் இரண்டு தாய்மாரோடு போய் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை சாப்பாட்டு வரிசையை மாற்றி அமைத்தார். தாமும் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். கேலி ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. ஆனால் இப்போது யாராவது “கறுப்பி” என்றால், பக்கத்திலிருக்கும் சிறுமி “அவளுக்குப் பெயர் இருக்கிறது” என்கிறாளாம். வயிற்றுவலியும் குறைந்திருக்கிறது.

இன்றிரவு வேலை முடிந்து வீடு திரும்பியதும், “என்ன படித்தாய்?” என்று கேட்பதற்கு முன்னால், “இன்று யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?” என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். “தனியாக” என்று பதில் வந்தால், நாளைக் காலையே பள்ளிக்குப் புறப்படுங்கள். “ஒருத்தி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள்” என்று பதில் வந்தால், நாளை அவள் பக்கத்தில் போய் உட்காரச் சொல்லி அனுப்புங்கள்.