வாய் இரண்டு, வாதம் பூஜ்யம்

கள்ளிக்குப்பத்து நண்பர் ஒருவர் பக்கம் பக்கமாக எழுதி, டார்வினை ஒரு தலைப்பிரட்டையை வைத்தே வீழ்த்திவிட்டதாகப் புளகாங்கிதப்படுகிறார். அரிசோனா, நியூ மெக்சிகோ பாலைநிலக் குட்டைகளில் பிறக்கும் மண்வெட்டிக்கால் தேரைக் குஞ்சுகளில் சில பாசியும் சகதியும் மேய, சில பெருந்தாடை வளர்த்துக் குட்டி இறாலையும் சக குஞ்சுகளையும் தின்கின்றன. இயற்கைத் தேர்வு மெய்யானால் 'சிறந்த' வாய் ஒன்றுதானே மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அவருடைய பிரம்மாஸ்திரம்.

எந்தக் குட்டையில், எந்த மழையில் சிறந்தது என்று கேட்காதவர் உயிரியல் பேசுகிறாரா, பட்டிமன்றத் தீர்ப்பு வாசிக்கிறாரா? தண்ணீர் சீக்கிரம் வற்றினால் வேகமாக வளரும் ஊனுண்ணி பிழைக்கும். நீடித்தால் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு நிதானமாகக் கரையேறும் மேய்ச்சல்காரனுக்கு ஆதாயம். ஒரு வகை பெருத்தால் அதற்குள்ளேயே தீனிப் போட்டி மூண்டு, அருகிப்போன மற்றதற்கு யோகம் அடிக்கும். இதை உயிரியலாளர் டேவிட் ஃபென்னிக் 1992-லேயே காட்டிவிட்டார். ரயன் மார்ட்டினும் அவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் குட்டைகளில் அடிவாங்கியது எது தெரியுமா? இரண்டுங்கெட்டான் வாய். நண்பர் தேர்வுக்கு எதிராக நிறுத்திய சாட்சி, தேர்வின் கைவேலையேதான்.

சொந்த இனத்தைத் தின்றால் இனம் அழியாதா என்று அடுத்து உருகுகிறார். இனத்தைக் காப்பாற்றுவதாகத் தேர்வு யாருக்கு வாக்குக் கொடுத்தது? அம்பத்தூர்ப் பக்கத்து மழைக்குட்டையில் மஞ்சள் பூசிக்கொண்டு கத்தும் நம் பெருந்தவளையின் குஞ்சும் தன்னினத்தைத் தின்னத் தயங்காததுதான். அதன் வம்சம் அற்றா போயிற்று? இன்னொன்று: அந்தத் தேரையின் ஊனுண்ணிக் குஞ்சு, கூடப்பிறந்ததைக் கவ்வினாலும் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. இந்தச் சங்கதியை மட்டும் நண்பர் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டார்.

தீனிதான் வாயை மாற்றுகிறது, பரம்பரைக்கு வேலையில்லை என்பது மூன்றாவது முழக்கம். ஒரே தீனி போட்டாலும் எல்லாக் குடும்பத்துக் குஞ்சுகளும் ஒரே அளவில் ஊனுண்ணியாவதில்லையே, ஏன்? மாறும் அந்தத் திறனே மரபுவழி வருவதால்தான். பங்காளி இனமொன்று குட்டையைப் பகிரும் இடங்களில் இந்தத் தேரை பெரும்பாலும் மேய்ச்சலோடு நின்றுகொள்வதும் தேர்வு நடத்திய பாகப்பிரிவினைதான்.

இவ்வளவும் தெரியாமல் எழுதினாரா? முதல் பக்கத்தில் டார்வினைப் பொய்யாக்கிய அதே வேறுபாடு, கடைசிப் பக்கத்தில் படைத்தவனின் முன்யோசனைக்கு அத்தாட்சி ஆகிறது. குஞ்சுக்கு இரண்டு வாய் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை, தமக்கு இரண்டு வாய் என்றால் மட்டும் வசதியாயிருக்கிறது. டார்வின் கொள்கை தவறு என்று 2018-ல் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங் சொன்னபோது, இப்படித் தேரைக் குஞ்சின் முதுகில் ஏறிக்கொள்ளாமல் நேராகவாவது சொன்னார்.