சிக்கியவர் யார், சிக்கவைத்தது எது?

"கன்வேயர் பெல்ட்டில் சிக்கித் தொழிலாளி பலி." ஊர்ப்பெயரும் வயதும் மட்டும் மாறி, நாளேடுகளின் மாவட்டப் பக்கங்களில் திரும்பத் திரும்ப அச்சாகும் தலைப்பு இது. இலக்கணம் கற்றவர்கள் இதை ஒருமுறை நிறுத்திப் படிக்கலாம். 'சிக்கு' தன்வினை. அதற்குப் பிறவினை உண்டு: 'சிக்கவை'. அந்தப் பிறவினையைத் தலைப்பு எழுதுவோர் தொடுவதேயில்லை. தன்வினையில் எழுதப்படும் மரணத்திற்கு எழுவாய் இறந்தவரே. ஆகவே, பின்னால் வரும் விசாரணையிலும் குற்றம் பெரும்பாலும் அவர் பெயரிலேயே முடிகிறது. அதற்கென்று ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது: கவனக்குறைவு.

அச்சொல் எவ்வளவு பொய்யானது என்பதை அறிய, பெல்ட் ஓடும் விதத்தைப் பார்த்தால் போதும். தலைமுனைக் கப்பி பெல்ட்டை இழுத்துப் பொருளைக் கொட்டுகிறது. வெறும் பெல்ட் அடிப்புறமாகத் திரும்பி, வால்முனைக் கப்பியைச் சுற்றி மீண்டும் மேலே வருகிறது. ஆனால் அது வெறும் பெல்ட் அன்று. நனைந்த நிலக்கரியும் களிமண்ணும் முழுதாகக் கொட்டிவிடுவதில்லை. ஒட்டிக்கொண்டே திரும்பி, வழியெங்கும் உதிர்கின்றன. உதிர்ந்தவை வால்முனைக் கப்பியின் அடியில் குவிகின்றன. குவியல் கப்பியைத் தொட்டுவிட்டால் பெல்ட் ஒருபுறம் விலகி ஓடும், ஓரம் கிழியும். எனவே மண்வெட்டியுடன் ஒருவர் அனுப்பப்படுகிறார். பெல்ட்டை நிறுத்துவதில்லை, ஏனெனில் ஒரு பெல்ட் நின்றால் அதற்குப் பொருள் தரும் வரிசை முழுவதும் நிற்க வேண்டும். பெல்ட்டும் கப்பியும் கூடும் வாய் முதலில் மண்வெட்டியைப் பற்றுகிறது, பிறகு அதைப் பிடித்த கையை. நொடிக்கு 2.5 மீட்டர் என்பது இத்துறையில் நடுத்தர வேகமே. ஆபத்தை உணர்ந்து தசையை அசைக்க மனிதனுக்கு நொடியில் ஐந்திலொரு பங்கேனும் தேவை. அதற்குள் பெல்ட் அரை மீட்டர் நகர்ந்திருக்கும். விரல்நுனியிலிருந்து முழங்கையைத் தாண்டிய தொலைவு அது. இந்தக் கணக்கில் கவனத்திற்கு எங்கே இடம்?

கன்வேயர்த் தொழில் தேங்கி நிற்கும் தொழிலும் அன்று. பருத்தித் துணி அடுக்குகளாலான பெல்ட் நைலானுக்கும் பாலியஸ்டருக்கும் மாறியது. பிறகு எஃகுக் கயிறு பொதிந்த பெல்ட் வந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் மேலிருக்கும் மண்மலையை அகற்றிச் சுமப்பவை இத்தகைய பெல்ட்களே. மேகாலயாவின் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளக் கன்வேயரில் எல்லை தாண்டி வங்கதேசத்தின் சாத்தக்குக்குப் போகிறது. நீளம், அகலம், வேகம், வலிமை ஆகிய நான்கிலும் வளர்ச்சி வியக்கத்தக்கது. மண்வெட்டிக்காரர் நிற்கும் இடம் மட்டும் மேம்பாடு என்ற சொல்லின் பொருளுக்குள் வரவில்லை.

பாதுகாப்பிற்காகவே பெல்ட்டின் அமைப்பு மாறிய வரலாறும் உண்டு. 1950 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தின் கிரெஸ்வெல் சுரங்கத்தில், கிழிந்த ரப்பர் பெல்ட் ஒன்று பொருள் மாறும் சரிவில் அடைத்துக்கொண்டு, உராய்வில் சூடேறித் தீப்பற்றியது. 80 பேர் மாண்டனர். அதன் பிறகே சுரங்கங்களில் ரப்பர் விலகித் தீத்தாங்கும் பி.வி.சி. பெல்ட் இடம்பிடித்தது. இந்தியாவிலும் நிலத்தடிச் சுரங்கங்களுக்கான தீத்தாங்கு பெல்ட்டிற்கு ஐ.எஸ். 3181 என்ற தனித் தரநிலை இருக்கிறது. ஒரே நாளில் 80 பேர் இறந்தால் பெல்ட்டின் வேதியியலே மாறுகிறது. ஒவ்வொருவராக, வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஒப்பந்ததாரர்களின் கீழ் இறந்தால் எதுவும் மாறுவதில்லை.

தீர்வுகள் கண்டுபிடிக்கப்படாமல் இல்லை. தலைமுனையில் ஒழுங்காகப் பராமரிக்கப்படும் இரட்டை ஸ்கிரேப்பர் இருந்தால் ஒட்டிவரும் பொருளில் பெரும்பகுதி அங்கேயே விழும். வால்முனைக்குச் சற்று முன், திரும்பிவரும் பெல்ட்டின் உட்புறத்தில் வி வடிவக் கலப்பை ஒன்றைப் பொருத்தினால், கற்கள் கப்பிக்குள் போகாமல் ஓரத்திற்கு ஒதுங்கும். மட்டமான உருளைக்குப் பதிலாகச் சுருள்வரி கொண்ட கப்பியை வைத்தால் சேறு அதில் படியாது. பொருள் செங்குத்தாக விழுந்து சிதறாமல் பெல்ட்டின் திசையிலேயே வழுக்கி இறங்கும்படி சரிவை வளைத்தால் குவியலே பாதியாகும். கப்பியின் கூடும் வாயை வலைத்தடுப்பால் மூடி, கிரீஸ் குழாயைத் தடுப்பிற்கு வெளியே நீட்டி, அடியிலுள்ள குவியலைத் தண்ணீர் பீய்ச்சி வெளியேற்ற வழி விட்டால், அங்கே கை போக வேண்டிய தேவையே எழாது. எதுவும் விண்வெளி ஆராய்ச்சி அன்று. ஆலைகள் பெருமையுடன் காட்டுவதோ அவசர இழுகயிற்றை. கயிற்றை இழுத்த பின்பும் சுமையேறிய பெல்ட் தன் உந்தத்தில் சற்று ஓடித்தான் நிற்கும். போதாததற்கு, ஒரு கை உள்ளே போனவருக்கு அக்கயிறு எட்ட வேண்டும்.

இனி தில்லி. பகதூர்ஷா ஜாபர் மார்க்கின் மானக் பவனில் இயங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் பெல்ட் கன்வேயருக்கு இரு முதன்மை ஆவணங்களை வைத்திருக்கிறது. ஐ.எஸ். 11592 தேர்வுக்கும் வடிவமைப்புக்கும் உரியது: இழுவிசை, மின்திறன், உருளைகளின் இடைவெளி. ஐ.எஸ். 7155 பாதுகாப்புக்கு உரியது. பிரிவினையே முதற்பிழை. வடிவமைப்பவர் முதலாவதைத் திறந்து கணக்கை முடிக்கிறார். இரண்டாவது, பெல்ட் ஓடத் தொடங்கிய பிறகு பாதுகாப்பு அலுவலரின் அலமாரிக்குப் போகிறது. இரண்டாவதன் தலைப்போ 'பரிந்துரைக்கப்படும் நடைமுறை' என்றே அறிமுகமாகிறது.

தரநிலை ஆங்கிலத்தில் 'ஷல்' கட்டாயம், 'ஷுட்' பரிந்துரை. தமிழில் இரண்டையும் 'வேண்டும்' என்றே பெயர்க்கிறோம். 'தடுப்பு பொருத்தப்பட வேண்டும்' என்று தமிழில் படிக்கும் தொழிலாளி அதைச் சட்டம் என்று நம்புவார். மூலத்தில் 'ஷுட்' இருந்தால் ஆலைக்கு அது வெறும் அறிவுரை. வினைமுற்றின் இந்த இடைவெளிக்குள்தான் கை போகிறது.

தொழிற்சாலைச் சட்டம், 1948 இவ்வளவு மென்மையானது அன்று. ஆபத்தான பகுதிகளுக்கு உறுதியான வேலி கட்டாயம் என்கிறது பிரிவு 21. ஆனால் பிரிவு 22 அடுத்த பக்கத்திலேயே ஒரு சாளரத்தைத் திறக்கிறது. ஓடும் இயந்திரத்தை ஆராயவோ எண்ணெயிடவோ நேர்ந்தால், பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண், இறுக்கமான உடையுடன் அதைச் செய்யலாம். பெண்களும் இளையோரும் ஓடும் இயந்திரத்தைச் சுத்தம் செய்யக்கூடாது என்றும் அப்பிரிவு விலக்குகிறது. வயதுவந்த ஆண் சுத்தம் செய்யலாமா? சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைத் தமக்கு வேண்டியபடி பொருள்கொள்ள மேலாளர்களுக்குப் பொருள்கோளியல் பட்டம் தேவைப்படவில்லை. இயந்திரத்தைத் திருத்த வேண்டிய சட்டம் மனிதனின் சட்டையைத் திருத்திக்கொண்டிருந்தது.

அந்தச் சட்டத்தின் இடத்திற்கு, 2025 நவம்பர் 21 முதல், பணியிடப் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிச்சூழல் குறித்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு வந்துள்ளது. நுணுக்கங்களைத் தொகுப்பு தன் உடலில் வைத்துக்கொள்ளவில்லை. மத்திய அரசு அறிவிக்கும் தரநிலைகளுக்கு விட்டிருக்கிறது. அதாவது, அடுத்த தலைமுறைக்கான வினைமுற்றைத் தில்லி இனிதான் தேர்ந்தெடுக்கிறது.

'தடுப்பு வைத்தால் தொழிலாளிகளே கழற்றிவிடுகிறார்கள்' என்பது பொறியாளர்களின் வழக்கமான மறுமொழி. உண்மைதான், கழற்றுகிறார்கள். அன்றாட வேலையைச் செய்யவே கழற்ற வேண்டியிருக்கும் தடுப்பு தடுப்பே அன்று. அதை வரைந்தவர் ஒரு நாளாவது அந்தக் குவியலை அள்ளிப் பார்த்ததில்லை. ஐ.எஸ். 16819, அதாவது ஐ.எஸ்.ஓ. 12100, வரிசையைத் தெளிவாக வகுத்திருக்கிறது: முதலில் ஆபத்தே இல்லாத வடிவமைப்பு, அடுத்து தடுப்பு, கடைசியாகவே எச்சரிக்கை வாசகம். மொழிக்கு அங்கே மூன்றாம் இடம். மொழியியலாளர்களும் அதை மறுக்கமாட்டார்கள். ஆலைகளிலோ பலகையே முதலில் வருகிறது, அதுவும் பல இடங்களில் வேலை செய்பவர் படிக்காத மொழியில்.

பொறியியல் துறைகள் இதைப் பிறர் வேலை என்று ஒதுக்க இயலாது. மாணவரின் வடிவமைப்புக் கணக்கு பெரும்பாலும் மோட்டாரின் கிலோவாட்டுடன் முடிந்து மதிப்பெண் பெறுகிறது. வால்முனைத் தடுப்பும் துப்புரவு வழியும் இல்லாத வரைபடத்திற்குத் தேர்ச்சி இல்லை என்று ஒரே ஒரு துறை அறிவித்தாலும் மாணவர்கள் வேறுவிதமாக வரையத் தொடங்குவார்கள். தரநிலை வரைவுகளும் இரகசியமானவை அல்ல. அமைவனம் அவற்றைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடுகிறது. ஐ.எஸ். 7155இன் தலைப்பிலிருந்து 'பரிந்துரைக்கப்படும்' என்ற சொல்லை நீக்குக, வால்முனைக் கப்பி பற்றிய விதிகளை ஐ.எஸ். 11592க்குள் கட்டாய வினைமுற்றுடன் கொண்டுவருக என்று எழுத இரண்டு பத்திகள் போதும். முகவரி: மானக் பவன், 9, பகதூர்ஷா ஜாபர் மார்க், புது தில்லி 110002.