கமிஷன் கேட்காத தரகர்

பூசணிக் கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. இருப்பது ஒரே கொடியில்தான். ஆனாலும், ஒரே பஸ்ஸில் நாலு வருஷம் போய் வந்தும் வாய் திறக்காத நம்ம ஆபீஸ் ஆசாமிகள் மாதிரி, தானாக ஒன்றும் நடக்காது. முகூர்த்தமும் விடிகாலையில், மதியத்துக்குள் பூ வாடிவிடும். நடுவில் ஒரு தரகர் வேண்டும். அவர்தான் தேனீ. ஜாதகம் கேட்பதில்லை, கமிஷனும் கேட்பதில்லை.

நாம் என்ன செய்கிறோம்? லோன் போட்டு வீடு கட்டி, காம்பவுண்டு முழுக்க சிமெண்ட் பூசி, தரகரையே காலி பண்ண வைக்கிறோம். அப்புறம், ‘பூ நிறைய வருது சார், காய்தான் பிடிக்கலை’ என்று புலம்பல்!

நீலப் பட்டைத் தேனீ மண்ணில் துளை போட்டுக் குடியிருக்கும். தக்காளிப் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைத்தே மகரந்தத்தை உதிர்க்கும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை வராது. கொசு சைஸில் இருக்கும் கொசுத் தேனீயோ சுவர் இடுக்கில் கூடு கட்டி, வாசலுக்குக் குட்டியாக ஒரு பிசின் குழாய் வைக்கும். கொட்டத் தெரியாத பரம சாது.

ஆகவே மகாஜனங்களே! ஒரு மூலையில் நாலடி மண்ணை மண்ணாகவே விடுங்கள். துளசியைக் கிள்ளாமல் கொஞ்சம் பூக்க விடுங்கள். பூச்சி மருந்தை மறந்துவிடுங்கள். சுவரில் குழாய் தெரிந்தால் கொத்தனாரைக் கூப்பிடாதீர்கள்.

வாடகை வீடா? பால்கனியில் பூத்த துளசித் தொட்டி ஒன்று போதும். தரகர் மாடி ஏறி வருவார்.

‘எனக்கும் பெண் பார்ப்பாரா?’ என்று கேட்காதீர்கள். அது வேற டிபார்ட்மெண்ட்!